பச்சைப் பெயின்ட் ஒட்டிய விண்கல்

"எனக்குக் கல்லு வேண்டாம் சார். அந்த ஆளோட மானம் வேணும். வாங்கித் தர முடியுமா?"

காலை பத்து மணிக்கு எங்கள் ஆபீஸ் மேஜையில் ஒரு நியூஸ்பேப்பரைப் பட்டென்று அறைந்துவிட்டு அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம் இல்லை, உட்காரலாமா இல்லை.

"மானம் எல்லாம் நாங்க டீல் பண்றதில்லைங்க," என்றேன். "காணாமப் போன நாய், வீட்டுக்கு வராத புருஷன், இது ரெண்டும்தான் இங்க ரெகுலர் சரக்கு."

"கொஞ்சம் வாயை மூடு, மாப்ளே," என்றார் அத்தான்.

அத்தான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். துப்பறியும் தொழிலில் பதினெட்டு வருஷம். நான் அவருக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன், வீட்டில் அவர் திட்டு வாங்கும்போது பக்கத்தில் நின்று பாதியை வாங்கிக்கொள்பவன்.

வந்த அம்மாள் இஸ்திரிக்கடை நடத்துகிறவள். ஐம்பது வயதிருக்கும். வலது முன்கை நெடுக வரிசையாகப் பழைய சூட்டுத் தழும்புகள். பேப்பரை விரித்துக் காட்டினாள். நான்காம் பக்கத்தில் ஒரு படம். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கல் ஒன்று, அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு இளிக்கும் ஒரு மனிதர். 'பாலைவனத்தில் கண்டெடுத்த அபூர்வ விண்கல்! இன்று மாலை நான்கு மணிக்கு விற்பனை.'

"இது என் தம்பியோட கல்லு. படத்தைப் பார்த்ததும் அவனே அடையாளம் சொல்லிட்டான்," என்றாள். "ஆறு வருஷம் முன்னாடி, விடிஞ்சும் விடியாம, ஸ்கூல் சைக்கிள் ஷெட் மேல விழுந்தது. தகரத்தைப் பொத்துக்கிட்டு உள்ள வந்துடுச்சு. தம்பி அங்க சயின்ஸ் வாத்தியார். ஒரு சின்ன டப்பாவுல பஞ்சு போட்டு அதுல கல்லை வச்சான். எப்ப விழுந்தது, எங்க விழுந்தது எல்லாம் ஒரு சீட்டுல எழுதி அடியில வச்சான். அவ்வளவு சந்தோஷம் சார் அவனுக்கு. பச்சைப் பிள்ளை மாதிரி வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தான்."

படத்தில் இளித்தவர் விண்கல் வியாபாரி. கல்லில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க அவர் சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு காந்தம் தொங்கும். அதனால் எல்லோரும் அவரைக் காந்தம் என்றுதான் சொல்வார்களாம். விண்கல் வாங்குகிறவர்கள், சேர்க்கிறவர்கள் எல்லோருமாக ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை காந்தத்தின் கடை மாடியில் கூடுவார்கள். தன் கல்லை நிபுணர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று வாத்தியார் அங்கே கொண்டுபோனார். நிபுணர் வேறு யார், காந்தமேதான்.

"நாப்பது பேர் முன்னாடி அதைத் தூக்கிப் பார்த்துட்டு, 'வாத்தியாரே, இது இரும்பு உருக்குற உலையில மிஞ்சுற கசடு. பிள்ளைங்களுக்கு இதைத்தான் நட்சத்திரம்னு சொல்லித் தரீங்களா'ன்னு கேட்டான். மொத்த மாடியும் சிரிச்சுதாம். கல்லைக் குப்பைக்கூடையில போட்டான், டப்பாவோட. என் தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டான்."

மறுநாளே பள்ளிக்கூடத்தில் 'கசடு சார்' என்று பெயர் விழுந்தது. கரும்பலகையில் எழுதி வைத்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழுந்து, கசடுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவரிடமா என் பிள்ளை படிக்கிறான் என்று கேட்டான். வாத்தியார் மூன்று மாதம் தாக்குப்பிடித்துவிட்டு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். இப்போது அக்காள் கடையில் உள்ளறையில் உட்கார்ந்து, வாடிக்கைக்காரர் கண்ணில் படாமல், ஊரார் சட்டைக்குக் காலர் தேய்க்கிறார்.

"போலீஸுக்குப் போனீங்களா?" என்றார் அத்தான்.

"விடிஞ்சதுமே போனேன். கல்லுக்கு என்ன அடையாளம்னாங்க. கறுப்பா இருக்கும்னேன். அவங்களும் சிரிச்சாங்க. நாலு மணிக்கு வித்துட்டா கல்லு வெளிநாடு போயிடும் சார். அப்புறம் காலத்துக்கும் என் தம்பி கசடு சார்தான். அந்தாளு அதே மாடியில, அதே ஆளுங்க முன்னாடி கூனிக் குறுகி நிக்கணும். அதை நான் கண்ணால பார்க்கணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும். முகம் தெரியாத அந்தக் காந்தத்தின் சட்டையைப் பிடித்து நாலு அறை விட வேண்டும்போல இருந்தது.

"மாப்ளே, வண்டியை எடு," என்றார் அத்தான்.

காந்தத்தின் கடை வாசலிலேயே ஏசி முகத்தில் அடித்தது. சுவர் நெடுகக் கண்ணாடி அலமாரி, ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனி விளக்கு. எங்கள் வீட்டுக் கூடத்துக்கே ஒரு விளக்குதான். பெரும் பணக்காரர் ஒருவருக்காகக் கல் பார்க்க வந்திருக்கிறோம் என்று அத்தான் சொன்னதும், காந்தம் எங்கள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகாத குறை.

இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். சின்னச் சின்ன டப்பாக்கள், பஞ்சு மெத்தையில் கற்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு மூன்று காகிதச் சீட்டுகள்.

"ஒரு கல்லுக்கு எதுக்கு இத்தனை சீட்டு?" என்றேன்.

"கண்டெடுத்தவர் எழுதின சீட்டு ஒண்ணு. அவர்கிட்ட வாங்கினவர் எழுதினது ஒண்ணு. இப்படிக் கை மாற மாற ஒண்ணு சேரும். எங்க தொழில்ல கல்லு ரெண்டா உடைஞ்சாலும் பரவாயில்லை சார், சீட்டு போகக் கூடாது. சங்கத்துல புதுசா சேர்றவங்களுக்கு நான் சொல்ற முதல் பாடமே இதுதான். சீட்டு இல்லாத கல்லு தெருவுல கிடக்கிற கல்லு."

ஒரு டப்பாவில் சீட்டு மட்டும் இருந்தது. பூச்சி அரித்துப் பாதி போன சீட்டு. அதையும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்.

"இதுல கல்லைக் காணோமே?"

"கல்லை ஒருத்தர் தொலைச்சுட்டார். சீட்டை மட்டுமாவது காப்பாத்தலாம்னு வாங்கினேன்."

"புருஷனைத் தொலைச்சுட்டுக் கல்யாணப் பத்திரிகையை ஃப்ரேம் போட்ட மாதிரி," என்றேன். அவர் சிரிக்கவில்லை. அத்தான் என் காலை மிதித்தார்.

கடைசியாக அந்தக் கல் வந்தது. கூடவே ஒரே ஒரு சீட்டு, புத்தம் புதுசு. நானே கண்டெடுத்தேன், அதனால் என் சீட்டு மட்டும்தான் என்றார் காந்தம். அத்தான் லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு அதை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"இந்த ஓரத்துல கொஞ்சம் பச்சையா இருக்கே?"

"உலோகக் கறை சார். பாலைவன வெயில்ல அப்படி ஆகும்."

"ஓஹோ," என்றார் அத்தான், மிகவும் மரியாதையாக.

வெளியே வந்து எதிர்த்த கடையில் டீ சொன்னோம்.

"கல்லைப் பார்த்தியா மாப்ளே?"

"பார்த்தேன். கருகின உருளைக்கிழங்கு."

"அந்த உருளைக்கிழங்கோட ஒவ்வொரு சந்துலயும் பிரஷ் விட்டு மண்ணை எடுத்திருக்கான். ஒரு பொட்டு தூசி இல்ல. அந்தப் பச்சையை மட்டும் தொடலை. அது கறை இல்ல, பெயின்ட். நீ டீ சொல்றதுக்குள்ள இஸ்திரிக்கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். சைக்கிள் ஷெட் கூரை பச்சைதானாம்."

"அப்ப மாட்டினான்! வாங்க, போலீஸைக் கூப்பிடலாம்."

"எங்க மாட்டினான்? அந்தக் கூரையை எப்பவோ மாத்திட்டாங்க. பச்சைப் பெயின்ட் உலகத்துல ஒரே டப்பாதான் இருக்கா? கேள்வி அது இல்ல. திருடின கல்லுல இருக்கிற பெயின்டை அவன் ஏன் துடைக்கலை?"

நான் டீயை ஊதினேன். எனக்குத் தெரியாத கேள்வி வரும்போதெல்லாம் டீ சூடாகத்தான் இருக்கும்.

"காலையில அந்தம்மா போனதுமே ரெண்டு பேர்கிட்ட போன்ல விசாரிச்சேன்," என்றார் அத்தான். "சும்மா தரையில கிடந்த கல்லுக்கு ஒரு விலை. கூரையையோ காரையோ உடைச்சுக்கிட்டு விழுந்த கல்லுக்கு அதைவிடப் பத்து மடங்கு. அப்படிப்பட்ட கல்லுன்னா வாங்குறவனுக்குப் பைத்தியமே பிடிச்சிடுமாம். அந்தப் பெயின்ட்தான் அதுக்கு அத்தாட்சி. வெறும் திருடனா இருந்தா முதல் நாளே துடைச்சிருப்பான். இவனுக்குக் கல்லு வெறியும் இருக்கு. கை வரலை. பெயின்டையே துடைக்காதவன் வாத்தியாரோட சீட்டைக் கிழிச்சிருப்பான்னு நினைக்கிறியா?"

டீ தொண்டையில் சிக்கியது. "அப்ப சீட்டு பத்திரமா இருக்கு! எங்க வச்சிருப்பான்? கடையைக் குடைஞ்சுடுவோமா?"

"நாம எதுக்குக் குடையணும்? அவன் கையாலயே எடுத்துக் குடுக்கச் சொல்லுவோம். நீ இங்கேயே இரு. எனக்கு ஒரு பணக்காரர் வேணும், கூட்டிட்டு வரேன்."

மூன்று மணிக்கு வண்டி திரும்பி வந்தது. பின்சீட்டிலிருந்து ஒரு மனிதர் இறங்கினார். நரைத்த தாடி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மஃப்ளர். கோட்டும் பேன்ட்டும் கத்தி மாதிரி மடிப்பு விழுந்து நின்றன. ஆள் மட்டும் ரோட்டைக் கடப்பதற்கே தயங்கினார்.

"இவர்தான் நம்ம பணக்காரர்," என்றார் அத்தான். "தொண்டையில ஆபரேஷன், பேச மாட்டார். என்ன கேட்கணும்னு நான் சொல்றேன், அவருக்கும் சேர்த்து நீ பேசு."

"அது ஒண்ணுதான் எனக்கு வரும்," என்றேன்.

மேலே மாடியில் நாற்காலி போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சங்கத்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். காந்தம் எங்களைக் கடைக்குப் பின்னால் இருந்த தன் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். கல்லைப் பணக்காரர் முன்னால் வைத்தார். பணக்காரர் ஒரு விரலால் அதைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன சொல்றார்?" என்றார் காந்தம்.

"வேண்டாம்கிறார்," என்றேன். "பாலைவனத்துக் கல்லு இவர்கிட்ட நாலு இருக்கு. இவர் தேடுறது கூரையைப் பொத்துக்கிட்டு விழுந்த கல்லு. அதுவும் பார்த்தவர் கையெழுத்துல சீட்டோட. அப்படி ஒண்ணு கிடைச்சா நீங்க வாயைத் திறந்து கேட்கிறதுதான் விலை. உங்ககிட்டதான் இல்லையே. வரட்டுமா?"

எழுந்தேன். பணக்காரரும் எழுந்தார். நான் கதவுப்பிடியில் கை வைத்தேன். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன்.

"உட்காருங்க," என்றார் காந்தம்.

சுவரில் சங்கம் கொடுத்த 'சிறந்த நிபுணர்' பத்திரம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதைக் கழற்றினார், திருப்பினார், பின் அட்டையை நகத்தால் நெம்பினார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஒரு சின்னச் சீட்டு. இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆறு வருஷமாக யாரிடமும் காட்ட முடியாத ஒன்றைக் காட்டுகிற பரவசம் அவர் முகத்தில் இருந்தது.

"பாலைவனம்னு பேப்பர்ல போட்டீங்களே?" என்றேன்.

"அது வியாபாரத்துக்குச் சொன்னது. இதுதான் நிஜம். கூரையில பட்ட பெயின்ட்கூட அப்படியே இருக்கு பாருங்க."

"சரிங்க, ஆனா ஒரு கல்லுக்கு ரெண்டு பிறந்த ஊரா? எங்க ஐயா ஒத்துக்க மாட்டார். யார்கிட்டேருந்து, என்னைக்கு, எங்க வச்சு உங்க கைக்கு வந்ததுன்னு உங்க கைப்பட ஒரு கடிதம் வேணும். கை மாறினதுக்கு அத்தாட்சி இல்லாம சீட்டு மட்டும் எதுக்கு ஆகும்? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் அவருடைய கஷ்டம். பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். சங்கக் கூட்டத்தன்று, இன்ன பள்ளியின் அறிவியல் ஆசிரியர் கொண்டுவந்த கல், என் கைக்கு வந்தது என்று எழுதினார்.

"அப்பவே இது விண்கல்லுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா? இல்ல, வேற யாராவது பிற்பாடு சொன்னாங்களா?" என்றேன், முகத்தை அசடு மாதிரி வைத்துக்கொண்டு. அது எனக்கு ரொம்பச் சிரமமில்லை.

காந்தத்துக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எனக்கு யார்யா சொல்லணும்? கையில எடுத்த மாத்திரத்துல தெரிஞ்சுது!"

"அடேங்கப்பா. அப்ப அதையும் ஒரு வரி சேர்த்துடுங்க. எங்க ஐயாவுக்கு நிபுணர் வாக்குன்னா உசிரு."

'கையில் எடுத்த மாத்திரத்திலேயே இது விண்கல் என்று கண்டுகொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடையின் முத்திரையையும் அழுத்திக் கொடுத்தார். அத்தான் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த வாத்தியார் பின்னால தகராறு ஏதும் பண்ண மாட்டாரே?" என்றார் அத்தான், முதன்முறையாக வாயைத் திறந்து.

"அவனா?" காந்தம் சிரித்தார். "கசடுன்னேன், நம்பிட்டுப் போயிட்டான். அவனுக்கு எதுக்கு சார் இந்தக் கல்லு? குரங்கு கையில வைரம். அதோட முடிஞ்சுது, இப்ப எங்கே கிடக்கானோ."

பணக்காரர் கை நீட்டிச் சீட்டை எடுத்தார். படிக்கவில்லை. மேஜையில் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். பிறகு, தொண்டை ஆபரேஷன் ஆனவர், பேசினார்.

"பத்தாம் தேதி, காலை ஐந்து நாற்பது. மேற்கிலிருந்து இடி போல மூன்று சத்தம். சைக்கிள் ஷெட், வடக்கிலிருந்து நாலாவது தகரம். எடுத்தபோது கல் சில்லென்று இருந்தது. அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன்." நிறுத்தினார். "கடைசி வரியில 'ஆச்சரியப்பட்டேன்'ங்கிறதை முதல்ல தப்பா எழுதி அடிச்சிருப்பேன். பாருங்க, அடிச்சிருக்கும்."

எனக்குப் பேச்சே வரவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மனுஷன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம்கூடச் சொல்லவில்லை பாருங்கள்!

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார் அவர். காந்தத்தின் முகம் வெளிறிப்போனது.

"வாத்தியாரே..." என்றார்.

"கசடு சார்னு சொல்லுங்க," என்றார் வாத்தியார். "அதுதான் நீங்க வச்ச பேரு."

நான்கு மணிக்கு மாடியில் ஐம்பது பேர் இருந்தார்கள். சங்கத் தலைவரான பல் டாக்டர் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். கண்டுகொண்டேன் என்ற இடத்துக்கு வந்ததும் அவர் குரல் இறங்கிப்போனது. ஆறு வருஷம் முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

இஸ்திரிக்கடை அம்மாள் படியேறி வந்து கதவருகில் நின்றிருந்தாள். யாரும் அசையவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் கைபேசியைப் பார்த்தார்கள்.

"ஏன் இப்ப யாருக்கும் சிரிப்பு வரலை?" என்றாள். "அன்னைக்கு எல்லாருக்கும் வந்துச்சே! பல் டாக்டரே, பல்லைக் காட்டுங்க பார்க்கலாம். இன்னைக்கு நிஜமாவே ஒரு கோமாளி நிக்கிறான். சிரிங்கய்யா!"

"மன்னிச்சிடுங்கம்மா," என்றார் டாக்டர்.

"உங்க மன்னிப்பை வச்சு என் தம்பிக்கு ஆறு வருஷம் வாங்கிட முடியுமா?"

காந்தம் நடுவில் நின்றார். "குப்பையில போட்டதைத்தானே எடுத்தேன்," என்று முனகினார். "போலீஸ் வேண்டாம்மா. கல்லை எடுத்துக்கோங்க. நீங்க என்ன கேட்டாலும் தரேன்."

"போலீஸ் வந்துக்கிட்டிருக்கு," என்றார் அத்தான். "அது வேற கணக்கு."

அம்மாள் நேரே மேஜைக்குப் போனாள். கல் அங்கே ஒரு வெல்வெட் துணிமேல் இருந்தது. பக்கத்திலேயே கல் உடைக்கிற சுத்தியல். அலங்காரத்துக்கு வைத்திருந்தார்கள். அவள் அதை அலங்காரத்துக்குத் தூக்கவில்லை.

"ஐயோ, வேண்டாம்!" காந்தம் அலறினார். போலீஸ் என்றபோதுகூட அப்படி அலறவில்லை. "அது ஒண்ணே ஒண்ணுதான்மா, வேற கிடையாது! அடிச்சிடாதீங்க!"

"அக்கா..." என்றார் வாத்தியார்.

"நீ சும்மா இரு." சுத்தியல் கல்லுக்கு மேலே நின்றது. தழும்பு விழுந்த அந்தக் கை துளியும் அசையவில்லை. "யோவ், ஒரு சீட்டை எடு. எழுது."

காந்தம் ஓடிப்போய் ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்துவந்தார். ஐம்பது பேர் பார்க்க, முழங்கால் போட்டு மேஜை ஓரத்தில் வைத்து எழுதினார். அவள் சொல்லச் சொல்ல, விழுந்த நாள், விழுந்த இடம், நாலாவது தகரம் எல்லாம் எழுதினார். கண்டெடுத்தவர் என்று எழுதி வாத்தியாரின் பெயரை எழுதினார்.

"அடுத்த வரி. திருடியவர்."

பேனா நின்றது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை சீட்டின்மேல் விழுந்தது.

"அம்மா, இது எப்பவும் இந்தக் கல்லோடயே இருக்கும்," என்றார் காந்தம், கெஞ்சுகிற குரலில். "நான் போன பிறகும் இருக்கும். யார் வாங்கினாலும், எந்த மியூசியத்துக்குப் போனாலும்... யாருமே இதைக் கிழிக்க மாட்டாங்கம்மா."

"தெரியும்," என்றாள். "எழுது."

எழுதத் தொடங்கினார். முதல் இரண்டு எழுத்து கோணலாக விழுந்தது.

அவள் சுத்தியலை இறக்காமல் குனிந்து பார்த்தாள்.

"முழுப்பேரு," என்றாள். "இனிஷியலோட."